கோயில் சரிவிலுள்ள பாவ்பா மரங்களை வெட்ட வேண்டாம்: நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கோயில் நிர்வாகக் குழுவினருக்கு,

நம் கோயிலின் பின்பக்கம், மடப்பள்ளிக் கதவைத் தாண்டி ஓடைக்கு இறங்கும் சரிவை இந்தக் குளிர்காலத்தில் இயந்திரம் விட்டுச் சுத்தம் செய்யப் போகிறீர்கள் என்று குழுவின் அறிக்கையில் படித்தேன். "பின்புறப் புதர்களை அகற்றிப் புல்தரை அமைத்தல், எல்லையில் துஜா வேலி நடுதல்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். (துஜா என்பது வேலியாக நடும், எப்போதும் பசுமையான ஒரு மரம்.) நீங்கள் புதர் என்று எழுதியிருப்பது ஒரு பாவ்பா தோப்பு. இந்த ஒஹாயோ மண்ணுக்கே உரிய பழமரம் அது. உறுப்பினர்களின் சம்மதம் கேட்காமல் ஒப்பந்தக்காரரிடம் விலை பேசும் அளவுக்குப் போயிருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இதை உங்களுக்கு மட்டும் தனியாக அனுப்பாமல், கோயிலுக்கு வரும் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நம்மில் பலருக்கு இந்த மரத்தைத் தெரியாது என்பதால் முதலில் அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாவ்பா என்றதும் பப்பாளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பப்பாளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது சீத்தாப்பழக் குடும்பம். ராம்சீத்தா, முள்சீத்தா எல்லாம் இதற்குச் சொந்தம். அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை குளிர் தாங்காதவை. வெப்ப நாடுகளை விட்டு நகராதவை. அவற்றில் இவ்வளவு வடக்கே வந்து, மாதக்கணக்கில் பனிக்குள் நின்று, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் குளிரையும் தாங்கி, மறுபடி துளிர்த்துப் பழம் தருவது பாவ்பா ஒன்றுதான். அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் 26 மாநிலங்களிலும், கனடாவில் ஒன்டாரியோவின் தென்கோடியிலும் இயற்கையாகவே வளர்கிறது. இந்த நாட்டின் சொந்தப் பழமரங்களில் மிகப் பெரிய பழம் தருவதும் இதுதான்.

சரிவில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் இலை நினைவிருக்கும். மாவிலையைப் பெரிதாக்கித் தொங்கவிட்டது போல, ஓரடி நீளத்துக்கு இருக்கும். கசக்கி முகர்ந்தால் குடைமிளகாய் வாசம் அடிக்கும். ஏப்ரலில், இலை வருவதற்கு முன்பே, வெறும் கிளையில் கருஞ்சிவப்பு நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள் தலைகுனிந்து தொங்கும். செப்டம்பரில் பச்சைக் காய்கள் இரண்டும் மூன்றும் நான்குமாகக் கொத்தாகப் பழுக்கும். தோலைப் பிளந்தால் உள்ளே மஞ்சள் சதை, இரண்டு வரிசையில் பழுப்பு நிறக் கொட்டைகள். வாழைப்பழமும் மாம்பழமும் சேர்ந்த சுவை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருந்த ஒரு அம்மாவிடம் ஒரு பழத்தைக் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கொட்டையைக் கையில் துப்பிப் பார்த்தார். "தம்பி, இது நம்ம சீத்தாப்பழந்தான். தோல்தான் வேற" என்றார். அவருக்கு யாரும் தாவரவியல் சொல்லித்தரவில்லை.

இப்போது பொதுக்குழுவில் நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

"இந்த மரங்கள் ஒழுங்காகக் காய்ப்பதே இல்லை, வைத்திருந்து என்ன பயன்?" என்று கேட்டீர்கள். இதற்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்ற முடிவுகளெல்லாம் மாறிவிடும். பாவ்பா வேரிலிருந்து பக்கக்கன்று விட்டுப் பரவும் மரம். சரிவில் நாம் பார்க்கும் அத்தனை தண்டுகளும் பெரும்பாலும் ஒரே தாய்மரத்தின் வேரிலிருந்து கிளம்பியவை. பார்க்கத் தோப்பு, உண்மையில் ஒரே மரம். ஆனால் பாவ்பா பூ தன் மரத்து மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. போதாததற்கு, ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி முதலில் தயாராகிறது; அது வாடிய பிறகுதான் மகரந்தம் உதிரத் தொடங்குகிறது. ஆக, வேறு வித்திலிருந்து வந்த இன்னொரு மரம் பக்கத்தில் இருந்தால்தான் காய் பிடிக்கும். நம் சரிவில் அப்படி ஒரு மரம் இல்லை. காய்ப்புக் குறைவுக்கு இதுதான் காரணம். அத்துடன், சுற்றியுள்ள பெரிய மரங்களின் நிழலும் சேர்ந்துகொள்கிறது. பாவ்பா நிழலில் உயிர்வாழும், ஆனால் வெயில் பட்டால்தான் நன்றாகக் காய்க்கும்.

இதை நான் படித்துவிட்டு மட்டும் சொல்லவில்லை. என் வீட்டுக் கொல்லையில் ஒட்டுக்கட்டிய பாவ்பா மரங்கள் நிற்கின்றன. ஏப்ரல் கடைசியில், அவற்றின் பூக்களில் பழுப்பேறி உதிரத் தயாரான மகரந்தத்தை ஒரு சின்னக் கிண்ணத்தில் தட்டிச் சேகரித்துக்கொண்டு கோயிலுக்கு வருவேன். ஓவியத் தூரிகை ஒன்று போதும். இன்னும் முழுசாக நிறம் ஏறாத இளம் பூவாகப் பார்த்து, உள்ளே பச்சையாகப் பளபளவென்று ஈரம் தெரியும் சூல்முடியில் அந்த மகரந்தத்தைத் தொட்டுவைப்பேன். கைக்கு எட்டும் கிளைகளில் மட்டும்தான் அப்படிச் செய்தேன். அந்தக் கிளைகளில் மட்டும்தான் காய் பிடித்தது. மேல் கிளைகள் வழக்கம்போல் வெறுமையாகவே நின்றன. மடப்பள்ளியில் சேவை செய்பவர்கள் பலரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆக, இந்த மரங்களில் குறை எதுவும் இல்லை. வேறு ரகப் பாவ்பா மரங்கள் இரண்டை அருகில் நட்டாலோ, இருக்கும் தண்டுகளிலேயே நல்ல ரகங்களை ஒட்டுக்கட்டினாலோ, இந்தத் தோப்பு தானாகவே காய்க்கும்.

"பூ நாறுகிறது, ஈ மொய்க்கிறது" என்றும் ஒருவர் சொன்னார். பாவ்பா பூவைத் தேனீ அவ்வளவாகத் தேடி வருவதில்லை. ஈயும் வண்டும்தான் மகரந்தச் சேர்க்கை செய்கின்றன, அவற்றை இழுக்கப் பூவில் லேசாகப் புளித்த மாவின் வாசம் உண்டு. மூக்கைப் பூவுக்குள் நுழைத்தால்தான் அது தெரியும். ஏப்ரலில் கோயில் வாசலில் அடிக்கும் மீன் நாற்றம் வாகன நிறுத்தத்தைச் சுற்றி நட்டிருக்கும் காலரி பேரி மரங்களுடையது. அழகுக்காக நட்ட அந்த மரம் பரவி, வேலியோரங்களையும் தரிசு நிலங்களையும் ஆக்கிரமித்ததால் 2023 முதல் ஒஹாயோவில் அதை விற்கவோ நடவோ சட்டப்படி தடை இருக்கிறது. அதை விட்டுவிட்டு இதை வெட்டுவது எந்த வகையில் நியாயம்?

விழுந்த பழங்களைத் தேடி ரக்கூன் வருகிறது என்பது உண்மைதான். பழம் கீழே கிடந்தால் வரும். பொறுக்கிவிட்டால் வராது. செப்டம்பரில் மூன்று நான்கு வாரம், காலையில் ஒருவர் கூடையோடு சரிவில் இறங்கி வந்தால் போதும். இத்தனை வருடங்களில் அந்தப் பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. கேட்டிருந்தால் கை தூக்க ஆள் இருக்கிறது.

அடுத்தது, குழந்தைகள் சாப்பிட்டு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். இந்தப் பயத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. பாவ்பாவின் கொட்டை, இலை, பட்டை மூன்றும் உண்ணத் தக்கவை அல்ல. கொட்டையைக் கடிக்கக் கூடாது, தோலையும் சாப்பிடக் கூடாது. சதையிலும் அனோனாசின் என்ற பொருள் இருக்கிறது. கரீபியனில் குவாதலூப் தீவில் முள்சீத்தாவை, இலைக் கஷாயமும் பழமுமாக, காலமெல்லாம் நிறையச் சாப்பிட்டவர்களிடம் காணப்பட்ட ஒருவகை நரம்பு நோயையும் இந்தப் பொருளையும் ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அதனால் பாவ்பாவைத் தினமும் கிலோக்கணக்கில் சாப்பிடும் பண்டமாக யாரும் நினைக்க வேண்டாம். சிலருக்கு முதல் முறை வயிறு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். பழத்தை வற்றலாகக் காயவைத்துச் சாப்பிட்டவர்களுக்குக் குமட்டல் வந்திருக்கிறது, ஆகவே அதையும் தவிர்க்க வேண்டும். பருவத்தில் நன்றாகக் கனிந்த பழத்தை அளவாகச் சாப்பிடுவதுதான் இந்த நாட்டு மக்களின் நெடுங்கால வழக்கம். ஒரு பலகையில் இதையெல்லாம் தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தால் முடிந்தது. வெட்டித்தான் பயத்தைத் தீர்க்க வேண்டும் என்றால், சிதம்பரத்தில் தில்லை மரம் இருந்திருக்கவே முடியாது. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதைத்தான் நம் முன்னோர் தல விருட்சமாக வைத்துக் கும்பிட்டார்கள், அந்த மரத்தின் பெயரையே ஊருக்கும் கொடுத்தார்கள்.

தல விருட்சம் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மதுரைக்குக் கடம்பு, திருவானைக்காவுக்கு வெண்நாவல், காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா, குற்றாலத்துக்குக் குறும்பலா, நெல்லையப்பருக்கு மூங்கில். இவை எதையும் தூரதேசத்திலிருந்து கொண்டுவந்து நடவில்லை. அங்கே ஏற்கெனவே காடாக இருந்தவை. மதுரை கடம்பவனமாக இருந்தது, நெல்லை வேணுவனமாக இருந்தது. கோயில் அந்தக் காட்டுக்குள் வந்தது. வந்த இடத்து மரத்தைக் கோயிலுக்குள்ளேயே வைத்துக் காப்பாற்றியது. நாமோ வில்வத்தையும் துளசியையும் தொட்டியில் வளர்த்து, அக்டோபர் வந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து உள்ளே தூக்கி வைக்கிறோம். அதை நான் குறை சொல்லவில்லை; அந்தத் தொட்டிகளைத் தூக்குபவர்களில் நானும் ஒருவன். ஆனால் யாரும் தூக்கி வைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், இந்த இடத்தில் தானாக நிற்கும் ஒரே பழமரத்தை இயந்திரம் வைத்துப் பிடுங்குவது நம் மரபுக்குப் பொருந்தாது. பாவ்பாவைத் தல விருட்சமாக அறிவியுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது குருக்களும் ஸ்தபதியும் ஆகமம் பார்த்துச் சொல்ல வேண்டியது. மரத்தை வெட்டாதீர்கள் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

இந்த மரத்தை நம்பி வாழ்ந்தவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இங்கே நமக்கு முன்பு இருந்தவர்கள் ஷானி என்ற பூர்வகுடி மக்கள். செப்டம்பரைப் பாவ்பா மாதம் என்றே அழைத்தவர்கள். 1830களில் அவர்களை ஒஹாயோவை விட்டே வெளியேற்றிவிட்டார்கள். மரங்கள் மட்டும் ஓடையோரங்களில் நிற்கின்றன. 1541இல் மிசிசிப்பிப் பள்ளத்தாக்குக்கு வந்த ஸ்பானியப் படையின் குறிப்புகளிலேயே இந்தப் பழம் வருகிறது. 1806 செப்டம்பரில் அமெரிக்க ஆய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் மேற்குப் பயணம் முடிந்து மிசௌரி ஆற்று வழியாகத் திரும்பியபோது உணவு தீர்ந்துபோய், அவர்கள் குழு கரையோரத்துப் பாவ்பாவைத் தின்றே நாட்களைக் கடத்தியது. கிளார்க்கின் நாட்குறிப்பில் அது பதிவாகியிருக்கிறது.

இவ்வளவு பழைய பழம் ஏன் கடைக்கு வரவில்லை என்று கேட்பீர்கள். காரணம் எளிது. மரத்தில் கனிந்த பழம் வெளியில் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் அதிகம் போனால் மூன்று வாரம். மெல்லிய தோல், விரல் பட்டாலே கறுக்கும். காயாகப் பறித்துக் கொண்டுபோய்ப் பழுக்க வைக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. லேசாக மெத்தென்று ஆன பிறகு பறித்தால்தான் பழுக்கும். லாரியில் ஏற்றி ஆயிரம் மைல் அனுப்பும் வியாபாரத்துக்கு இது சரிப்படாது. ஆப்பிள் சரிப்படும், ஆகவே ஆப்பிள் ஜெயித்தது.

1916இல் அமெரிக்க மரபியல் சங்கம் நாடு முழுவதும் சிறந்த பாவ்பாவுக்கு ஒரு போட்டியே வைத்தது. பரிசு வென்ற பழம் ஒஹாயோவிலிருந்து போனது. அதோடு ஆர்வம் அடங்கிப் பல பத்தாண்டுகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1970களில் மேற்கு வர்ஜீனியாவில் மாணவராக இருந்த நீல் பீட்டர்சன் என்பவர் ஒரு பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, அந்தக் காலத்து ஆர்வலர்கள் சேகரித்து வளர்த்த மரங்களின் வழித்தோன்றல்களைத் தேடிப் போனார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகளை மேரிலாந்தில் வளர்த்து, கழித்துக் கழித்து, சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஆறுகளின் பெயர்களை வைத்தார். ஷெனான்டோவா, சஸ்குவஹானா, பொடோமாக் எல்லாம் அப்படி வந்தவைதான். சதை கூடுதல், கொட்டை குறைவு. என் கொல்லையில் நிற்பதில் ஒன்று ஷெனான்டோவா. கென்டக்கி மாநிலப் பல்கலைக்கழகம் 1990 முதல் இந்த ஒரு பழத்துக்கென்றே ஆராய்ச்சித் திட்டம் நடத்துகிறது. அரசின் பாவ்பா மரபுவளச் சேகரிப்பும் 1994 முதல் அங்கேதான் இருக்கிறது. அவர்கள் வெளியிட்ட ரகங்களையும் நாற்றுப்பண்ணைகளில் வாங்கலாம். நம் மாநிலமே 2009இல் பாவ்பாவை ஒஹாயோவின் சொந்தப் பழம் என்று சட்டமாக்கியது. ஆல்பனி ஊருக்குப் பக்கத்தில் ஸ்னோடன் ஏரிக்கரையில் 1999 முதல் செப்டம்பரில் பாவ்பா திருவிழா நடக்கிறது. கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். நாம் அதே மரத்தைப் புதர் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோம்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். கடைக்குப் போக முடியாத பழம் அது விழுகிற இடத்திலேயே சாப்பிடப்பட வேண்டும். அதற்கு மரமும் கூட்டமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இந்த நாட்டில் அப்படி எத்தனை இடம் இருக்கிறது? நம் கோயில் இருக்கிறது. பாவ்பா பழுக்கும் செப்டம்பரில்தான் பெரும்பாலும் விநாயகர் சதுர்த்தி வருகிறது. தாமதமாகப் பழுக்கும் ரகங்கள் புரட்டாசி நவராத்திரி வரைக்கும் ஈடுகொடுக்கும். அந்த நாட்களில் வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு இந்தத் தோப்பின் பழம் பத்தாது. வருடம் முழுக்க அந்தச் சாமிக்குக் கடையில் வாங்கிய வாழைப்பழத்தைப் படைக்கிறோம். அது மத்திய அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வருகிறது. மடப்பள்ளிக் கதவைத் திறந்தால் தெரியும் மரத்தில், சீத்தாப்பழத்தின் உறவு ஒன்று பழுத்து விழுகிறது. யாருக்கும் தெரிவதில்லை. மஞ்சள் சதையைக் கரண்டியால் எடுத்து, கொட்டையை நீக்கி, ஆறிய பாலில் ஏலக்காய் தட்டிக் கலந்து கொடுத்துப் பாருங்கள். கொதிக்க விடக் கூடாது, சூடு பட்டால் மணம் போய்விடும். மிஞ்சியதை வழித்து டப்பாவில் போட்டு உறைய வைத்தால் தைப்பொங்கல் வரைக்கும் வரும்.

அப்புறம், அந்த துஜா வேலி. முன்வாசலில் ஏற்கெனவே நட்டிருக்கும் துஜா வரிசையை ஒரு முறை நின்று பாருங்கள். மான் கழுத்து எட்டும் உயரம் வரை மொட்டை. அதற்கு மேலேதான் பச்சை. குளிர்காலத்தில் மானுக்குத் துஜா என்றால் உயிர். அதே மான் பாவ்பா இலையைத் தொடுவதில்லை. இலையிலும் பட்டையிலும் உள்ள கசப்பு அதற்குப் பிடிக்காது. மருந்து தெளிக்காமல், வலை கட்டாமல் வளரும் பழமரம் இந்தப் பகுதியில் வேறு எது? பூச்சிகளும் பெரிதாகத் தொல்லை செய்வதில்லை. அந்த இலையைத் தின்பதற்கென்றே ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறது: வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட, நீண்ட வாலுள்ள வரிக்குதிரை அழகி. அதன் புழு பாவ்பா குடும்பத்து இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. நம் சரிவில் ஜூலையில் அது பறப்பதைக் குழந்தைகள் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். மரம் போனால் அதுவும் இல்லை.

"அவ்வளவு ஆசையாக இருந்தால் நீங்களே தோண்டி எடுத்துக்கொண்டு போய் வேறெங்காவது நட்டுக்கொள்ளுங்கள்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். கோபத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அது நடக்காத காரியம். பாவ்பாவுக்கு ஆணிவேர் ஆழம். சதைப்பற்றான வேர், ஒடிந்தால் அழுகும். பக்கக்கன்றுகளுக்கோ சொந்த வேர் மிகக் குறைவு, தாய்வேரை நம்பித்தான் நிற்கும். மண்வெட்டியால் வெட்டி எடுத்தால் பெரும்பாலானவை பட்டுப்போகும். மேலும், அந்த வேர்கள்தான் ஓடைச் சரிவின் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றைப் பிடுங்கிவிட்டுப் புல்லை விரித்தால், மார்ச் மாதத்துப் பெருமழையில் புல்லும் மண்ணும் சேர்ந்து ஓடைக்குள் போகும். அப்போது தடுப்புச் சுவர் என்று இன்னொரு நன்கொடை வசூல் வரும்.

சரிவில் அகற்ற வேண்டிய புதர் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஆமூர் ஹனிசக்கிள். கிழக்காசியாவிலிருந்து அழகுச்செடியாக வந்து, தென் ஒஹாயோவின் காடுகளையெல்லாம் மூடிக்கொண்டிருக்கிறது. சிவப்புப் பழம் பிடிக்கும், தண்டை ஒடித்தால் நடுவில் வெற்றிடம் தெரியும். பாதையை மறைப்பதும், கண்ணுக்கு அடர்ந்த புதராகத் தெரிவதும் அதுதான். அதை அடையாளம் காண இதுவே நல்ல சமயம். நவம்பர் தொடக்கத்தில் பாவ்பா இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். ஹனிசக்கிள் மட்டும் இன்னும் பச்சையாக நிற்கும். பச்சையாக நிற்பதை வெட்டலாம், மொட்டையாக நிற்பதை விட்டுவிட வேண்டும். இயந்திரம் ஓட்டுபவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, ஜனவரியில் வந்தால் இரண்டும் மொட்டையாகத்தான் இருக்கும். கையில் ரம்பமும் கத்தரியும் வைத்திருக்கும் தொண்டர்களால்தான் இது முடியும். ஹனிசக்கிள் போனால் பாவ்பாவுக்கு வெயில் வரும், சரிவும் பார்க்கத் திறப்பாக இருக்கும். நீங்கள் விரும்பும் சுத்தமும் கிடைத்துவிடும்.

ஆகவே குழுவிடம் நான் கேட்பவை இவை.

சரிவைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்தாகவில்லை என்றால் அதை நிறுத்தி வையுங்கள். கையெழுத்தாகிவிட்டது என்றால், ஓடைப் பக்கத்தை அதிலிருந்து நீக்கி எழுதி வாங்குங்கள். இந்த முடிவை உறுப்பினர் பொதுக்கூட்டத்தில் மீண்டும் வையுங்கள். அறிக்கையில் "புதர்" என்றிருப்பதைப் "பாவ்பா தோப்பு" என்று திருத்தி எழுதிவிட்டு வையுங்கள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமையைத் தொண்டர் நாளாக அறிவித்து, ஹனிசக்கிளை மட்டும் அகற்ற அனுமதி கொடுங்கள். எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று முந்தின நாளே ஒவ்வொரு பாவ்பா தண்டிலும் நாடா கட்டி வைக்கிறேன்.

துஜாவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை, வெவ்வேறு ரகத்தில் சில ஒட்டுக்கன்றுகள் வாங்க ஒதுக்குங்கள். சரிவின் மேல்முனையில், வெயில் படும் இடத்தில் வசந்தத்தில் நடலாம். ஒட்டுக்கன்று மூன்று நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். இருக்கும் தண்டுகளில் சிலவற்றில் ஒட்டுக்கட்டவும் அனுமதி வேண்டும். என் மரங்களிலிருந்து குச்சிகளைக் குளிர்காலத்திலேயே வெட்டி ஈரம் காயாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்வேன். மே மாதம் மொட்டு விரியும் நேரத்தில் நானே வந்து கட்டித் தருகிறேன். இதற்குக் கோயில் ஒரு காசும் தர வேண்டாம்.

பழக்காலத்தில் பொறுக்குவதற்கும், கொட்டை, தோல் பற்றிய எச்சரிக்கைப் பலகை வைப்பதற்கும் ஒரு சிறு குழுவை நியமியுங்கள். பழத்தைப் பிரசாதமாகக் கொடுக்கலாமா என்பதைக் குருக்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர் வேண்டாம் என்றால் அன்னதானக் கூடத்தில் வைக்கலாம், விரும்புபவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளுக்கு விதைகளைக் கொடுங்கள். பாவ்பா விதை காய்ந்தால் செத்துவிடும். ஈரப் பாசியில் சுற்றி மூன்று மாதம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, வசந்தத்தில் உயரமான தொட்டியில் நட்டால் கோடையின் நடுவில் முளைக்கும். முதல் ஒன்றிரண்டு வருடம் நிழல் வேண்டும். பெற்றோரில் வீட்டுமனை வைத்திருப்பவர்கள் பலர்; ஆளுக்கு இரண்டு கன்று நட்டால், நம் சமூகத்திலேயே வேறு வேறு வித்துமரங்கள் பெருகும்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் அபிஷேகம் முடிந்ததும் மடப்பள்ளிக் கதவருகே நிற்பேன். குழுவில் யார் வந்தாலும் சரிவில் கூட்டிப்போய் மரம் மரமாகக் காட்டுகிறேன். ஒப்பந்தக்காரர் வருவதற்கு முன், இந்த மடலுக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
கோயில் உறுப்பினர்களில் ஒருவன்